பாக்கியம் அத்தை ஓடிய மேடு

போன வாரம் எங்கள் தெரு மளிகைக் கடையில் வழக்கமாக வாங்கும் சோப்பு தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் அதற்குப் பதிலாக ஒரு சிவப்புச் சோப்பை நீட்டினார். ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் பழைய காலத்துச் சிவப்பு. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் விரல்களுக்கிடையில் ஏதோ வழுவழுவென்று ஊர்வது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில், அட்டைப்பூச்சி ஏறி வராது என்று நன்றாகத் தெரிந்தும் பார்த்தேன்.

பல வருடங்களுக்கு முன் இலங்கை போயிருந்தபோது, கண்டியில் ஒரு கடைக்காரர்தான் அந்தச் சோப்பு யோசனையைச் சொன்னவர். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போவதென்றால் காலுறை மேல் நன்றாகச் சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை வழுக்கி விழுந்துவிடும் என்றார். நல்ல யோசனைதான். மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாங்கள் என்றால் நான்கு பேர். நானும் என் கணவர் மோகனும், மோகனோடு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசப்பும், அவன் மனைவி நிர்மலாவும். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். நான் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டி வரிசைப்படுத்தும் வேலையில் இருந்தேன். அந்தப் புத்தி விடுமுறையிலும் விடவில்லை. நான்கு பேருடைய முதுகுப் பைகளிலும் எது எந்த அறையில் இருக்க வேண்டும் என்று நான்தான் தீர்மானித்தேன். ஜோசப் தன் பையில் ஒரு பல்துலக்கியை இடம் மாற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்பது போல நடிப்பான். நிர்மலாவுக்கு நடப்பதே பிடிக்காது. ஏன் வந்தாள் என்று கேட்டால், எல்லாரும் வந்தீர்களே என்பாள்.

அயல்நாடு என்று ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், கையில் இருக்கும் காசுக்குள் பார்க்க வேண்டும், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். இந்த மூன்றுக்கும் பொருந்தி வந்தது இலங்கை. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் மோகனுக்கு அது முழுக்க அயல்நாடு இல்லை. அவர் கோத்தகிரியில் பிறந்தவர். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார் கருப்பையா, கண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். நீலகிரியில் அப்படி வந்தவர்களை இன்றும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். அங்கே தேயிலை, இங்கேயும் தேயிலை. மாமாவுக்கு மாறியது கங்காணியின் முகம் மட்டுந்தான் என்று மோகன் சொல்வதுண்டு.

புறப்படுகிற அன்று மாமா கோத்தகிரி பஸ் நிலையம் வரை வந்தார். மூச்சிரைப்புக்காரர். அவ்வளவு தூரம் நடந்து வந்ததே எங்களுக்கு ஆச்சரியம். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து மோகனிடம் மெதுவாகச் சொன்னார்.

“மடுல்கெல்ல பக்கம் போனீங்கன்னா, பாக்கியம் இருக்காளான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா.”

பாக்கியம் மாமாவின் தங்கை. மோகனுக்கு அப்படி ஓர் அத்தை உண்டு என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மிச்சத்தைக் கொழும்பிலிருந்து கண்டி போகும் ரயிலில்தான் மோகன் எங்களுக்குச் சொன்னார், தன் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு. குடும்பத்தில் எல்லாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அத்தைக்கும் வந்தது. ஆனால் அத்தைக்கு அதே தோட்டத்தில் ஒருவரைப் பிடித்திருந்தது. அவர் இலங்கைப் பிரஜை. லாரி வந்து சாமான்களை ஏற்றிய விடியற்காலையில் அத்தையைக் காணவில்லை. தேடினார்கள், கத்திக் கூப்பிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தாத்தா ஏறச் சொல்லிவிட்டார். பிறகு அத்தை அவரையே கட்டிக்கொண்டு சுகமாக இருப்பதாக யாரோ எழுதிய கடிதம் வந்தது. அங்கே தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தொழிலாளர் லயங்களையும் எரித்தார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டார்கள். இருக்கிறாளா என்று மாமா கேட்டது ஒப்புக்குக் கேட்டதில்லை. அவருக்கு அது உண்மையாகவே தெரியாது.

அதற்குப் பிறகு யானை, ஏரி, மாளிகை எல்லாவற்றையும் நாங்கள் அவசரமாகவே பார்த்தோம். நிர்மலாகூட, எப்போ தோட்டத்துக்குப் போறோம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

தோட்டத்துக்கென்று புறப்பட்ட முதல் நாள் போய்ச் சேரவில்லை. காரணம் ஜோசப். பஸ் பலகை வாசிக்கும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். சிங்கள எழுத்து எல்லாமே தனக்கு ஜிலேபியாகத் தெரிகிறது, ஆனாலும் கீழே தமிழில் போட்டிருக்கிறான் என்று சொல்லி எங்களை ஏற்றினான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாங்கள் கெலிஓயாவில் இருந்தோம். நேர் எதிர்த் திசை. இறங்கி நின்ற இடத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் தேநீர்க் கடை. எங்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எங்களுக்கே தெரிந்தது.

“இது கம்பளைப் பக்கம் மகள். நீங்க கண்டிக்குத் திரும்பிப் போய் வத்துகாமம் பஸ் எடுக்கோணும். வந்ததுக்கு வட்டிலப்பம் தின்னுட்டுப் போங்க” என்றார். தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்ட அந்த இனிப்பைத் தின்றோம். வட்டிலப்பத்துக்காகவே தான் அந்தப் பஸ்ஸில் ஏற்றியதாக ஜோசப் பிறகு சொல்லிக்கொண்டான்.

கண்டிக்குத் திரும்பிய மாலையில்தான் நான் அந்த மழைக்கோட்டுகளை வாங்கினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் பல நிறங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். நிர்மலா மஞ்சள் கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். ஒரே நிறமாக இருந்தால் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம் என்பது என் கணக்கு. நான்கு பேருக்கும் ஒரே மாதிரி கிடைத்தது காக்கி மட்டுந்தான்.

எனக்குத் தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அந்தப் பயணத்தின் பக்கங்களை எடுத்துப் பார்த்தால் ஏறிய பஸ், சாப்பிட்ட கடை, காலநிலை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மறுநாளைக்கு மட்டும் “மழை. மடுல்கெல்ல. களைப்பு” என்று ஒரே ஒரு வரி. ஆகவே இதற்கு மேல் வருவதெல்லாம் மனதில் நிற்பதுதான்.

வத்துகாமம், பன்வில தாண்டி பஸ் மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. மடுல்கெல்லவில் இறங்கி, கேட்டுக் கேட்டு, தோட்டத்து ரோட்டில் நடந்தோம். ஏறிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோட்டுகளை மாட்டிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் நிர்மலா நின்று, “என் காலைப் பாருங்க” என்றாள். ஷூவுக்குள்ளிருந்து வெள்ளையாக நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பொளக், பொளக் என்று சத்தம். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அட்டைகள் எங்களை நெருங்கவில்லை, அது உண்மை. ஆனால் நான்கு பேர் காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கால்களில் நுரை தள்ளியபடி, மழையில் வரிசையாக லயத்துக்குள் நுழைவதை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டிகளைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். முதல் வாசலில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மோகன் ரயிலிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார். பதற்றத்தில் ஒரே மூச்சில் சொன்னார்.

“நாங்க இந்தியாவுல இருந்து வர்றோம். கீழ்க்கணக்கு பாக்கியம், தகப்பன் பேர் ராமசாமி, இங்கதான் இருக்காங்களா?”

கீழ்க்கணக்கு என்பது தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. மாமா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண்ணின் கையில் முறம் அப்படியே நின்றது. எங்கள் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்றார். அடுத்த வாசலிலும் அதே பதில். அதற்கடுத்த வாசலில் நாங்கள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்கள். யாரும் கோபப்படவில்லை, கதவைச் சாத்தவில்லை. முகம் மட்டும் மூடிக்கொண்டது. கடைசி வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தேயிலைச் செடிகள் ஓரிடத்தில் சலசலத்து, அந்தச் சலசலப்பு மேல்நோக்கிப் போய் மறைந்ததை நான் பார்த்தேன். பன்றியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மோகன் திரும்பி நடந்தார். கோத்தகிரியில் போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்வதா, தெரியவில்லை என்று சொல்வதா? மாமா இத்தனை வருடமும் தெரியாமல் இருந்துவிட்டார். இல்லை என்பதை அந்த மூச்சிரைப்போடு எப்படித் தாங்குவார்?

மழைக்கு ஒதுங்கப் பிள்ளைக் காம்பராவின் வராந்தாவில் நின்றோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். சின்ன உருவம், கூர்மையான கண். எங்கள் காலை நீண்ட நேரம் பார்த்தார்.

“ஆப்பீஸ்காரங்க சோப்பு போட்டுக்கிட்டு வரமாட்டாங்களே” என்றார்.

“நாங்க ஆப்பீஸ்காரங்க இல்லம்மா” என்றான் ஜோசப்.

“அப்ப பாக்கியத்த என்ன செய்யப் போறீங்க?”

“ஒன்னும் செய்யப் போறதில்லங்க. அவங்க எனக்கு அத்தை. கருப்பையாவோட மகன் நான்” என்றார் மோகன்.

அந்த அம்மா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினார். “கருப்பையான்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். அவருக்கு என்ன அடையாளம்?”

மோகன் தன் இடது கைச் சுண்டுவிரலைக் காட்டினார். அப்பாவுக்கு இந்த விரலில் நுனி இல்லை, கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுப் போய்விட்டது என்றார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைத் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. அந்த வேலைக்கென்றே வளைந்த கத்தி உண்டு.

அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கினார். மேட்டைப் பார்த்து நின்று, வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக் கூப்பிட்டார்.

“பாக்கியக்கா, எறங்கி வாங்க. புடிக்க வந்தவங்க இல்ல. ஒங்க அண்ணன் மகன்.”

அப்போதுதான் எனக்கு அந்தச் சலசலப்பு பன்றி இல்லை என்பது உறைத்தது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செடிகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு ஒரு பெண் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். மூச்சு வாங்கியது. முழங்கை சிராய்த்து ரத்தம். வராந்தாவில் ஏறவில்லை. எட்டி, மழையிலேயே நின்றார். மாமாவின் நெற்றி, மாமாவின் தாடை. மோகனுக்கு அதற்கு மேல் அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை.

“என்னையக் கூட்டிக்கிட்டுப் போகவா வந்தீங்க?”

“இல்ல அத்தே. பாத்துட்டு வரச் சொன்னாரு அப்பா.”

“அண்ணன் இருக்கா?”

கோத்தகிரியில் மாமா கேட்ட அதே கேள்வி. மோகன் என்னைப் பார்த்தார். நான்தான், இருக்கிறார், கோத்தகிரியில் இருக்கிறார், நல்லா இருக்கிறார் என்றேன். அத்தை படங்கின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“காக்கியப் போட்டுக்கிட்டு வரிசையா வந்தா எவ நிப்பா? அறுவது வயசுல ஓட வச்சிட்டீங்களேடா பாவிகளா” என்றார். பிள்ளைக் காம்பரா அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லா வாசல்களிலிருந்தும் சிரிப்பு வந்தது. நிர்மலா என்னைத் திரும்பிப் பார்த்து, மஞ்சள் வாங்கியிருக்கலாம் என்றாள்.

அத்தையின் வீட்டு அடுப்படியில் கால்களைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம். தடித்த கோதுமை ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல், பால் இல்லாத தேத்தண்ணி. சீனியைக் கையில் கொட்டினார்கள். அதை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். அத்தை ரொட்டி சுட்டுக்கொண்டே பேசினார். லாரி போன மறுமாதமே காக்கி உடை ஆட்களோடு அவரைத் தேடி ஜீப் வந்ததாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ள யாரும் தங்கக் கூடாது, பிடித்துக் கப்பலேற்றிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணை அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் மேட்டுக்கு ஓடுவது. பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்துக் கேட்டு யாராவது வந்தால், லயம் முழுக்க ஒரே பதில், அப்படி யாரும் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கலவரத்தில் லயத்தை எரித்தபோதும் அந்த மேடுதான் காப்பாற்றியது. கணவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள். மகன் கொழும்பில் ஒரு கடையில்.

ஜோசப்பால் சும்மா இருக்க முடியாது. “இப்பதான் எல்லாருக்கும் பிரஜா உரிமை வந்துருச்சுன்னு சொல்றாங்களே அத்தே. ஒங்களுக்கும் ஐடி கார்டு இருக்கும்ல?”

“அலுமாரியில பத்திரமாத்தான் இருக்கு” என்றார் அத்தை. “அது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலயே.”

லயத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. மேட்டின் உச்சியில் ஒரு பாறை இருந்தது, அங்கே ஏறினால் கிடைக்கும் என்றார்கள். மழை விட்டிருந்தது. அத்தை எங்களுக்கு முன்னால் ஏறினார். தான் ஓடிய பாதையிலேயே மெதுவாக ஏறினார். மோகன் கோத்தகிரிக்குப் போட்டு, மாமா எடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் அத்தை கையில் கொடுத்துவிட்டார். மாமா என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அத்தை ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“பாக்கியந்தாண்ணே” என்றார். பிறகு, “நான் எங்கயும் போகல. இந்தக் கல்லு மேலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ லாரியில இருந்து திரும்பித் திரும்பிப் பாத்த. எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒனக்குத்தான் தெரியல” என்றார்.

நான் நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர்கள் பேசியது, நீங்கள் நம்பமாட்டீர்கள், முழுக்கத் தேயிலைதான். அங்கே இப்போது எத்தனை கிலோ எடுக்கச் சொல்கிறார்கள், பனி விழுகிறதா, கொழுந்து முற்றிவிடுகிறதா. நாற்பது வருடத்துக்குப் பேச வேண்டியவர்கள் ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினார்கள். மோகனின் ஃபோனில் பணம் தீரும்வரை பேசினார்கள்.

அத்தையைக் கோத்தகிரிக்கு அழைத்துப் போக எவ்வளவோ முயன்றோம். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பொஸ்தகத்தை இனிக் கையால் தொடமாட்டேன் என்றார். மாமாவுக்குப் பயணம் செய்யும் உடம்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை பாறைக்கு ஏறினார். மாமா கோத்தகிரியில் வெயிலில் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். நாற்காலியை அவர் கடைசிவரை கதிரை என்றுதான் சொன்னார். இப்படிச் சில வருடங்கள். நேரில் பார்த்துக்கொள்ளாமலே மாமா போனார். அத்தை அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் பாறைக்கு ஏறி மோகனைக் கூப்பிட்டார். பிறகு முழங்கால் விடவில்லை.

போன வருடம் அத்தையின் காரியத்துக்கு எங்களால் போக முடியவில்லை. விசா, விடுமுறை, ஏதேதோ. சில மாதம் கழித்து நானும் மோகனும் மட்டும் போனோம். ஜோசப்பும் நிர்மலாவும் இப்போது துபாயில். பிள்ளைக் காம்பராவுக்குப் பெயர் மாற்றி வண்ணம் அடித்திருந்தார்கள். அந்த அம்மா இல்லை, யாருக்கும் அவரைத் தெரியவுமில்லை. அத்தையின் லயத்தை இடித்துவிட்டார்கள். கொஞ்சம் தள்ளித் தனித்தனியாகச் சின்ன வீடுகள், நீலமும் பச்சையுமாக. நல்ல வீடுகள். சிக்னல் வாசலிலேயே கிடைக்கிறது, பாறைக்கு யாரும் ஏறுவதில்லை. ஆள் போதாமல் கம்பெனி அந்த மேட்டைக் கைவிட்டுவிட்டது. மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்து, எது தேயிலை, எது காடு என்று தெரியவில்லை.

நாங்கள் பைகளை இறக்கி வைக்கும் முன்பே பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வாசலில் இளம்பெண் ஒருத்தி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

“இந்தியாவுல இருந்து” என்றார் மோகன். சொன்ன பிறகு ஒரு கணம் பயந்துபோனவர் போல நிறுத்திக்கொண்டார்.

“அப்படியா? உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் அவள். பாக்கியம் என்ற பெயரைச் சொன்னோம். ராமசாமி மகள் என்றும் சொன்னோம். யார் முகமும் மூடவில்லை. ஓ, மேட்டுப் பாட்டியா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அடுப்பை மூட்ட உள்ளே போனாள். நல்லதுதானே, இப்படித்தானே இருக்க வேண்டும் என்று நான் மோகனிடம் சொன்னேன். ஆமாம் என்றார். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இல்லாத நேரம். அங்கே எதுவும் அசையவில்லை.